ரத்தக்கொதிப்புக்குப் பின்னால் வைரஸ் ஒளிந்திருக்கிறதா? தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் கேட்ட கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் காலை வேளையில் வீட்டுத் திண்ணையில் ரத்த அழுத்தக் கருவியோடு உட்கார்ந்திருப்பேன். அக்கம்பக்கத்தார் வந்து கையை நீட்டுவார்கள். சில மாதங்களாக அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "சிஸ்டர், பிரஷருக்குக் காரணம் உடம்புக்குள் ஒளிந்திருக்கும் வைரஸாமே? அதைக் கொன்றுவிட்டால் மாத்திரையே வேண்டாமாமே?" கைப்பேசியில் ஒரு காணொளி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். முதல் பாதிக்கு ஆராய்ச்சி ஆதாரம் ஓரளவு உண்டு. இரண்டாம் பாதி உயிரை வாங்கக்கூடியது. திண்ணையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வைரஸால் ரத்த அழுத்தம் உயரும் என்று உண்மையிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையம் இருக்கிறது. அங்கே கிளைட் கிரம்பேக்கர் என்ற வைரஸ் நிபுணரின் குழு செய்த ஆய்வு 2009 மே மாதம் வெளியானது. எலிகளை நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். இரண்டு கூட்டத்துக்குச் சாதாரணத் தீனி, இரண்டு கூட்டத்துக்குக் கொழுப்பு மிகுந்த தீனி. ஒவ்வொரு வகையிலும் ஒரு கூட்டத்துக்கு மட்டும் வைரஸைச் செலுத்தினார்கள். சில வாரங்கள் கழித்து எலிகளின் ரத்தக் குழாய்க்குள்ளேயே அழுத்தத்தை அளந்தபோது, வைரஸ் செலுத்தப்பட்ட எலிகளுக்கு அது உயர்ந்திருந்தது. சாதாரணத் தீனி தின்ற எலிகளுக்கும் உயர்ந்திருந்தது என்பதுதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. கொழுப்பும் வைரஸும் சேர்ந்த கூட்டத்தில் ரத்தக் குழாய்ச் சுவர் தடித்துப்போன அறிகுறிகளும் தெரிந்தன.

ஒன்றை மறக்க வேண்டாம். எலிகளுக்குச் செலுத்தியது எலிகளுக்கே உரிய வைரஸ். மனிதரிடம் இருப்பது அதன் உறவு வைரஸ். மனித வைரஸை எலிக்குள் விட்டால் அது அங்கே பெருகாது.

அந்த வைரஸின் பெயர் என்ன? எனக்கும் இருக்குமா?

சைட்டோமெகலோவைரஸ். தான் புகுந்த செல்லை ஊதிப் பெரிதாக்கிவிடுவதால் வந்த பெயர். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தச் செல் ஆந்தையின் கண் போல விழித்துக்கொண்டிருக்கும். சின்னம்மை, அக்கி ஆகியவற்றை உண்டாக்கும் வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1950களின் நடுவில்தான் இதை முதன்முதலாக ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்தார்கள்.

உங்களுக்கும் இருக்குமா என்றால், அநேகமாக இருக்கும். எனக்கும் இருக்கும். நம் நாட்டுப் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இது வந்து போன தடயம் ரத்தத்தில் தெரிகிறது. "வந்து போன" என்று சொன்னாலும் அது போவதில்லை. தாய்ப்பாலிலும் எச்சிலிலும் சிறுநீரிலும் உடலுறவிலும் பரவும். பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்திலேயே ஒரு சின்னக் காய்ச்சலாக வரும், அல்லது அதுவும் இல்லாமல் நுழைந்துவிடும். பிறகு எலும்பு மச்சையிலும் வெள்ளை அணுக்களிலும் சத்தமில்லாமல் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். நோய் எதிர்ப்பு வலுவாக இருக்கும்வரை அது வாலாட்டாது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், முற்றிய எச்.ஐ.வி. நோயாளிகள் போன்றவர்களிடம்தான் எழுந்து கண்ணையும் குடலையும் நுரையீரலையும் தாக்கும்.

ஆகையால் காணொளியில் "உங்கள் உடலில் ரகசிய வைரஸ் இருக்கிறது" என்று அதில் பேசுபவர் கண்ணை உருட்டிச் சொல்லும்போது பதறாதீர்கள். ஊரில் யாரைக் கைகாட்டிச் சொன்னாலும் அந்தச் சொல் பலிக்கும்.

ஒரு வைரஸ் எப்படி அழுத்தத்தை ஏற்ற முடியும்?

பாஸ்டன் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நம் சிறுநீரகத்தில் ரெனின் என்ற ஒரு பொருள் சுரக்கிறது. வயலில் மடையைப் பார்த்துக்கொள்ளும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வேகம் குறைந்தால் ஓடிப்போய் மடையைக் குறுக்குவார் அல்லவா, அதுதான் ரெனினின் வேலை. ரத்தம் போதிய அழுத்தத்தோடு வரவில்லை என்று சிறுநீரகம் உணர்ந்தால் ரெனினை விடும். அது வேறு சில பொருள்களைத் தூண்டி, கடைசியில் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருள் உருவாகும். ஆஞ்சியோடென்சின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், உப்பையும் நீரையும் உடம்பிலேயே பிடித்துவைக்கச் சொல்லும். அழுத்தம் ஏறும்.

வைரஸ் புகுந்த எலிகளுக்கு இந்த ரெனினும் ஆஞ்சியோடென்சினும் கூடியிருந்தன. மனித ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்து மனித வைரஸைச் செலுத்தியபோது அந்தச் செல்களிலும் ரெனின் கூடியது. அத்துடன் அழற்சியைக் காட்டும் பொருள்களும் எலிகளின் ரத்தத்தில் ஏறியிருந்தன. குழாயின் உட்சுவர் நாள்பட்டு வீங்கிக் கிடந்தால் அது இளகிக் கொடுக்கும் தன்மையை இழந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் சாப்பிடும் பிரஷர் மாத்திரைகளில் எனலாப்ரில் அந்த ஆஞ்சியோடென்சின் உருவாவதைக் குறைக்கிறது. லோசார்டான், டெல்மிசார்டான் அது வேலை செய்யும் இடத்தை அடைக்கின்றன. காணொளியில் சொல்லும் வைரஸ் எந்த வழியாக அழுத்தத்தை ஏற்றுவதாக ஆய்வு காட்டுகிறதோ, அதே வழியில்தான் உங்கள் மாத்திரை காவல் நிற்கிறது. அந்தக் காணொளிக்காரர் இதை ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

அப்படியானால் மனிதரிலும் நிரூபணமாகிவிட்டது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. 2011இல் சீன ஆய்வாளர்கள் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களின் ரத்தத்தையும் இல்லாதவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டு, இந்த வைரஸின் மரபுத் துணுக்கு ஒன்று நோயாளிகளிடம் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். வைரஸின் அளவும் அவர்களிடம் அதிகமாக இருந்தது. பிறகு பல நாடுகளில் தேடினார்கள். சில இடங்களில் தொடர்பு தெரிந்தது, சில இடங்களில் தெரியவில்லை.

தொடர்பு தெரிந்தாலும் காரணம் என்று ஆகிவிடாது. இந்த வைரஸ் நெருக்கமான வீடுகளிலும் வறுமையிலும் அதிகம். வயது ஏற ஏறக் கூடும். ரத்தக்கொதிப்பும் வயதோடு கூடும், வறுமையோடும் சேர்ந்து வரும். இரண்டும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவதால் ஒன்று மற்றொன்றை அழைத்து வந்தது என்று சொல்லிவிட முடியாது. நம் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். வைரஸ் பத்தில் ஒன்பது பேரிடம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வுப்படி ரத்தக்கொதிப்பு நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 35 பேரிடம் இருக்கிறது. மீதிப் பேருக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு வைரஸை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது.

மருத்துவ வரலாற்றில் இதுபோன்ற இரண்டு கதைகள் உண்டு. வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும் என்று உலகமே நம்பியபோது ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஒரு பாக்டீரியாவைக் கைகாட்டினார்கள். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்று வயிற்றுப்புண்ணுக்கு இரண்டு வாரம் கிருமிக்கொல்லி கொடுத்தால் ஆறிவிடுகிறது.

மற்றக் கதை இப்படி முடியவில்லை. மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் கிளமிடியா நிமோனியே என்ற கிருமியின் தடயம் அதிகம் தெரிந்தது. தடித்த ரத்தக் குழாயிலேயே அந்தக் கிருமி கிடைத்தது. எல்லாம் பொருந்தி வந்ததாகத் தோன்றியது. ஆயிரக்கணக்கான இதய நோயாளிகளுக்குக் கிருமிக்கொல்லி கொடுத்துப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வெளியான ஒரு சோதனையில் மட்டும் சுமார் 4,000 பேர், ஓராண்டு முழுக்க வாரம் ஒரு மாத்திரை. மாரடைப்பு குறையவே இல்லை.

நம் வைரஸ் இந்த இரண்டில் எந்த வரிசையில் சேரும் என்பதை இனி நடக்கும் சோதனைகள் சொல்லட்டும். அந்த ஆராய்ச்சியை நான் மதிக்கிறேன். நம் பிள்ளைகளில் யாராவது அதைத் தொடர்ந்து செய்ய வேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன்.

ரத்தப் பரிசோதனை செய்து வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடலாமா?

வேண்டாம். பத்தில் ஒன்பது பேருக்கு "ஆம்" என்று வரும் பரிசோதனையால் உங்கள் சிகிச்சையில் ஒரு மாத்திரைகூட மாறாது. அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஒரு ரத்த அழுத்தக் கருவி வாங்கலாம். கர்ப்பிணிகளுக்கும் உறுப்பு மாற்று செய்துகொள்பவர்களுக்கும் இந்தப் பரிசோதனை வேறு காரணங்களுக்காகத் தேவைப்படலாம். அதை மருத்துவர் சொல்வார்.

வைரஸைக் கொல்லும் மருந்து சாப்பிட்டால் பிரஷர் இறங்காதா?

கான்சைக்ளோவிர், வால்கான்சைக்ளோவிர் என்ற மருந்துகள் இருக்கின்றன. அவையும் வைரஸை அடியோடு அழிப்பதில்லை, பெருகாமல் அடக்கி வைக்கின்றன. விலை அதிகம். எலும்பு மச்சையைப் பாதித்து ரத்த அணுக்களைக் குறைக்கும் என்பதால் மருத்துவமனைக் கண்காணிப்பில் மட்டுமே கொடுப்பார்கள். ரத்தக்கொதிப்புக்கு இவற்றைக் கொடுக்கலாம் என்று எந்த மருத்துவ வழிகாட்டுதலும் சொல்லவில்லை. காணொளியில் விற்கும் கஷாயப் பொடியைப் பற்றிக் கேட்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று பொட்டலத்தின் மேல்கூட எழுதவில்லை.

இந்த வைரஸுக்கு உரிமம் பெற்ற தடுப்பூசி இதுவரை கிடையாது.

பிரஷர் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா? எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே.

காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் வருவார். புளியமரக் குத்தகைக்காரர், கணக்கில் கெட்டிக்காரர். காணொளியைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தி அந்தப் பொடியை ஐந்து வாரம் குடித்திருக்கிறார். "நன்றாகத்தான் இருக்கிறேன் சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். 196க்கு 112. மறுபடி அளந்தேன், 192. அவர் சிரிப்பு மாறவில்லை. அதுதான் இந்த நோய். அழுத்தம் 190ஐத் தொடும்போதும் மனிதர் சந்தைக்குப் போவார், புளி எடை போடுவார். ஒருநாள் காலையில் எழுந்து பேச முயலும்போது வாய் கோணியிருக்கும்.

நல்லவேளையாக அவர் அன்றைக்கே தர்மபுரிக்குப் போனார். போகாதவர்களையும் என் வேலைக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுப் பெண்கள் பத்து வருடம் படுக்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பழைய அளவைவிட வேகமாக அழுத்தம் ஏறும். அட்டினலாலைச் சட்டென்று விட்டால் இதயவலியே வரலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். எனலாப்ரிலால் வறட்டு இருமல் வரும், ஆம்லோடிபினால் கால் வீங்கும். இரண்டுக்கும் மாற்று இருக்கிறது. முகம் ஒருபக்கம் கோணினாலோ, கை தளர்ந்து விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ யோசிக்காமல் 108க்கு அழையுங்கள்.

வேறு வைரஸ்களால் ரத்தக்கொதிப்பு வருமா? கோவிட் வந்த பிறகுதான் எனக்கு வந்தது.

சிலவற்றால் வரும், பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாக. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி இரண்டும் கல்லீரலைத் தாக்குவதாகத்தான் நமக்குத் தெரியும். நாள்பட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டியையும் அவை கெடுக்கும். வடிகட்டி கெட்டால் அழுத்தம் ஏறும். எச்.ஐ.வி.யும் சிறுநீரகத்தைத் தொடும். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, பிறந்த அன்றே போடுகிறோம். ஹெபடைடிஸ் சி-யை இப்போது சில மாத மாத்திரையில் குணமாக்கிவிடலாம். மறைந்திருக்கும் வைரஸைத் தேட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால் இந்த இரண்டைத் தேடுங்கள். தேடினால் பலன் உண்டு.

கோவிட் வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசல் ஏசிஇ 2 என்ற புரதம். மேலே சொன்ன ஆஞ்சியோடென்சினை உடைத்து அடக்குவதும் அதே புரதம்தான். கோவிட்டுக்குப் பிறகு சிலருக்குப் புதிதாக ரத்தக்கொதிப்பு தென்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்தச் சமயத்தில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள், எடை ஏறியது, தூக்கம் போனது. அதுவரை கையில் பட்டையே கட்டிப் பார்க்காத பலருக்கு முதன்முதலாக அளந்ததும் அப்போதுதான். எதனால் வந்தாலும் சிகிச்சை ஒன்றே.

சிக்குன்குனியா வந்து போனதிலிருந்து எனக்கு பிரஷர். அதுவும் வைரஸ்தானே?

வைரஸ்தான். ஆனால் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது: வலிக்கு என்ன சாப்பிட்டீர்கள்?

2006இல் சிக்குன்குனியா நம் பக்கம் வந்தபோது வீட்டுக்கு ஒருவர் சுவரைப் பிடித்து நடந்தார்கள். காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, மூட்டுவலி போகவில்லை. பாலக்கோட்டில் இருக்கும் என் அக்காவுக்கும் வந்தது. தக்காளித் தோட்டத்தில் குனிந்து நிமிர வேண்டிய உடம்பு. மருந்துக் கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு பொட்டலம் தருவார்கள், அதில் பெயர் எழுதாத மூன்று மாத்திரை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று எட்டு மாதம் சாப்பிட்டிருக்கிறாள். நான் செவிலியர், அவளுடைய சொந்தத் தங்கை. மாதம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வந்தேன், பொட்டலத்தைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவள் கால் வீங்கிய பிறகுதான் அழுத்தத்தை அளந்தேன். 180க்கு 110. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

டைக்ளோபினாக், ஐபுபுரூபன், அசிக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் அதே செயலால் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கும். அழுத்தம் ஏறும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த மாத்திரையின் பலனையே இவை குறைத்துவிடும். பொட்டலத்தில் இருக்கும் மூன்றாவது மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டு. அதுவும் உப்பைத் தேக்கும், சர்க்கரையை ஏற்றும், எலும்பைக் கரைக்கும். நாள்பட்டுச் சாப்பிட்டவர்கள் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, அதனால் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போக வேண்டும்.

அக்காவுக்கு வலி மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திய பின் அழுத்தம் 150க்கு இறங்கியது. முழுக்க இறங்கவில்லை. ஒரு மாத்திரை இன்னும் சாப்பிடுகிறாள். நம் ஊர்களில் ரத்தக்கொதிப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காரணம் எது என்று என்னைக் கேட்டால், சட்டைப்பையிலும் முந்தானை முடிச்சிலும் இருக்கும் அந்தப் பொட்டலத்தைத்தான் முதலில் சொல்வேன்.

எங்கள் ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால் பிரஷர் வருமா?

நம் இரு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது பழைய துயரம். பற்களில் பழுப்புக் கோடு விழுந்த குழந்தைகளை வரிசையாகப் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஃபுளோரைடு முதலில் தாக்குவது பல்லையும் எலும்பையும். முதுகு இறுகி, முழங்கால் மடங்காமல் போகும். அந்த வலிக்கும் கை போவது அதே மாத்திரைப் பொட்டலத்துக்குத்தான், அந்த வழியாகப் பிரஷரும் ஏறலாம். காவிரி நீர் வரும் குழாய் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடியுங்கள்.

குழந்தைகளுக்குக் கிருமியால் பிரஷர் வருமா?

வரும். கிருமிக்கும் அழுத்தத்துக்கும் சந்தேகமே இல்லாத உறவு இதுதான். காரணம் வைரஸ் இல்லை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. தொண்டைப்புண்ணோ, காலில் சிரங்கோ வந்து ஆறி, சில வாரம் கழித்துக் குழந்தையின் முகம் காலையில் வீங்கியிருக்கும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். அழுத்தம் ஏறி வலிப்புகூட வரலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சரியாகக் கவனித்தால் பெரும்பாலான குழந்தைகள் முழுக்கத் தேறிவிடுவார்கள். சிரங்குதானே என்று விடாதீர்கள், மண்ணில் விளையாடி வந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

நான் கர்ப்பமாக இருக்கிறேன். இந்தச் சைட்டோமெகலோவைரஸைப் பற்றிப் பயப்பட வேண்டுமா?

நோய் எதிர்ப்பு குறைந்தவர்களை விட்டால், நிச்சயமாகத் தெரிந்த தீமையை இந்த வைரஸ் செய்வது வயிற்றுப் பிள்ளைக்குத்தான். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே காது கேளாமல் போக இது காரணமாகிறது. சின்னக் குழந்தையின் எச்சிலும் சிறுநீரும் பட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூத்த பிள்ளை கடித்த மிச்சத்தைச் சாப்பிடாதீர்கள், எத்தனை ஆசையாக ஊட்டினாலும். கர்ப்பகால ரத்தக்கொதிப்பு வேறு விஷயம், அதைப் பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். எனலாப்ரில், லோசார்டான் வகை மாத்திரை சாப்பிடும் பெண்கள் கருத்தரித்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவை கருவுக்கு ஆகாது.

மருத்துவர் "காரணம் தெரியாது" என்கிறார். காரணம் தெரியாமல் எப்படி வாழ்நாள் முழுக்க மருந்து?

நியாயமான கேள்வி. வைரஸ் கதை இவ்வளவு வேகமாகப் பரவியதற்கே இந்த ஏக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். நூறு பேரில் 90 பேருக்கு மேல் ஒற்றைக் காரணம் கிடைக்காது. பரம்பரை, உப்பு, எடை, வயது, மது, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்த சேர்க்கை அது. ஒசூர் ஆலைகளில் இரவுப் பணி பார்க்கும் பிள்ளைகளுக்கு முப்பது வயதிலேயே வருவதைப் பார்க்கிறேன். மீதிச் சிலருக்குத்தான் தேடினால் காரணம் கிடைக்கும்: சிறுநீரக நோய், சிறுநீரகத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு, அட்ரினல் சுரப்பியில் கட்டி, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்க நோய், தைராய்டு.

வயது முப்பதுக்குள் வந்தவர்கள், மூன்று மாத்திரை சாப்பிட்டும் இறங்காதவர்கள், ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தவர்கள், நன்றாக இருந்த அழுத்தம் திடீரென்று தாறுமாறானவர்கள் இதைத் தேடச் சொல்லிக் கேட்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதற்காக சேலத்துக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏற வேண்டியிருந்தது.

உப்பைக் குறைக்கச் சொல்கிறீர்கள். களிக்கு உப்பில்லாமல் எப்படி?

ராகிக் களிக்கும் ரத்தக்கொதிப்புக்கும் சண்டை இல்லை. தாராளமாகச் சாப்பிடுங்கள். சண்டை, தொட்டுக்கொள்வதில் இருக்கிறது. மாங்காய் ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர் மிளகாய். நாளைக்கு 5 கிராம் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டி, சமையலில் சேர்ப்பது உட்பட. நாம் அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தின்கிறோம். கீரைக் கடைசலில் புளியும் பூண்டும் கூட்டி உப்பைக் குறைத்துப் பாருங்கள், மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும். வயிற்று உப்புசத்துக்கு நுரைக்க நுரைக்கக் கரைத்துக் குடிக்கும் பொடியிலும் சோடியம் இருக்கிறது. இந்துப்பும் உப்புதான்.

சர்ப்பகந்தா வேர் பிரஷருக்கு நல்லது என்கிறார்கள்?

அந்த வேருக்குப் பெருமையான வரலாறு உண்டு. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் அது ரத்தக்கொதிப்பைக் குறைப்பதை ஆய்வாக வெளியிட்டு உலகத்துக்கே காட்டினார். அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து வந்தது. அளவு கூடினால் அழுத்தம் அபாயமாக இறங்கும், மனச்சோர்வு வரும் என்பதும் தெரியவந்தது. பொடியாக வாங்கினால் எத்தனை கிராமில் எவ்வளவு மருந்து என்று யாருக்கும் தெரியாது. சித்த மருத்துவம் பார்ப்பதென்றால் அரசு மருத்துவமனையிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள். சாப்பிடும் மாத்திரையைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் எப்படி அளப்பது?

மேல்கையில் சுற்றும் பட்டை உள்ள கருவி வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காப்பி, பீடி எதுவும் அரைமணி நேரம் முன்பு வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதிவையுங்கள். வீட்டில் 135க்கு 85க்கு மேல் பல நாள் வந்தால் அது ரத்தக்கொதிப்பு. படியேறி வந்த மூச்சோடு ஒரே ஒருமுறை அளந்து முடிவு செய்ய வேண்டாம்.

மாதாமாதம் மாத்திரை வாங்கப் போக முடியவில்லை. கூலி போய்விடுகிறது.

நீங்கள் போக வேண்டியதில்லை. வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். உங்கள் ஊருக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் யார் என்று ஊராட்சியிலோ துணை சுகாதார நிலையத்திலோ கேட்டுப் பெயரைப் பதிவு செய்யுங்கள். அவர் வரும் நேரத்தில் தோட்டத்தில் இருப்பீர்கள் என்றால் முன்பே சொல்லி, மருத்துவ அட்டையை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அட்டையோடு வலிக்கு வாங்கிய பொட்டலத்தையும் வைத்துவிடுங்கள். தன்னார்வலர் அதைப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் காட்டட்டும்.